சிட்டு போட்ட கோடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று ஆய்வுகூடத்திலிருந்து கேட்டார்கள். ஊசி போடுவது, மாதிரி எடுப்பது, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் காலத்தில் ஐஸ் வேண்டுமென்றால் யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் மீன்காரரிடம் கெஞ்ச வேண்டும். ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேரும் ரத்த மாதிரிக் குழாய்களில் சூரை மீன் வாசம் வீசும். அதெல்லாம் சொல்லிச் சிரிக்க நல்லது, உங்களுக்குப் பிரயோசனமில்லை. நான் ஒரு குதிரையைப் பற்றிச் சொல்கிறேன்.

சிரிக்காதீர்கள். கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவள் குதிரைக் கதை சொல்வது வேடிக்கைதான். மாடு, ஆடு, கோழி, நாய், எப்போதாவது துரை பங்களாவில் செல்லமாக வளர்க்கும் முயல், இவைதான் எனக்கு வந்தவை. யானைக்குத் தனி ஆட்கள் உண்டு. குதிரை என்றால் நுவரெலியாவுக்குப் போக வேண்டும். குதிரைகளின் தொற்று இரத்தச்சோகை என்ற நோயைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. நம் நாட்டுக்குத் தேவையில்லாத பாடம் என்று நாங்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனோம்.

எங்கள் ஆய்வுகூடத் தலைவர் மட்டும் அந்த நோயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மேசையில் தேநீர் ஆறிப்போகும். அவரை நாங்கள் சேர் என்றுதான் கூப்பிடுவோம். மாவனல்லைக்குப் பக்கத்துச் சிங்களவர், தமிழ் பாதி புரியும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு அதையே மேசை மேசையாகத் தேடுவார். நூறு வருடத்துக்கு முந்திய ஒரு விஷயத்தை நேற்று நடந்தது போல அவர் சொல்வார்.

பிரான்சு தேசத்தில் கிராமம் கிராமமாகக் குதிரைகள் இளைத்துச் செத்துக்கொண்டிருந்தன. காய்ச்சல் வரும், போகும், மறுபடி வரும், ரத்தம் வெளிறிக்கொண்டே போகும். இரண்டு கால்நடை மருத்துவர்கள் நோய்ப்பட்ட குதிரையின் ரத்தத்திலிருந்து சீரம் எனப்படும் ஊனீரைப் பிரித்தெடுத்துப் பீங்கான் வடிகட்டியில் வடித்தார்கள். அன்றைக்கு நுண்நோக்கியில் தெரிந்த எந்தக் கிருமியும் அந்தப் பீங்கானைத் தாண்டாது. கீழே வடிந்தது தெளிந்த நீர். நுண்நோக்கியில் வைத்தால் ஒன்றும் தெரியாது, தட்டில் வளர்த்தால் ஒன்றும் முளைக்காது. அந்த ஒன்றுமில்லாததை எடுத்து நல்ல ஆரோக்கியமான ஒரு குதிரைக்கு ஏற்றினார்கள். அதற்கும் அதே காய்ச்சல் வந்தது.

"அவங்க ரெண்டு பேரும் அதை ஒரு நாளும் கண்ணால பார்க்கல்ல" என்பார் சேர். "பார்க்கிற கருவி வர இன்னும் எத்தனையோ வருஷம். ஆனாலும், இருக்குது என்று எழுதி வெச்சாங்க." கோயில், புத்தர் இருக்கும் பன்சலை எதற்கும் போகாத மனிதர். அந்தப் பீங்கான் வடிகட்டியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தன்னால் இறங்கிவிடும். எனக்கு அப்போது அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது.

பிழைத்த குதிரைதான் இதில் பெரிய அதிசயம். சில குதிரைகள் காய்ச்சலைத் தாண்டிவிடும். மேனி மினுங்கும், ஓடும், நன்றாகத் தின்னும். ஆனால் கிருமி அதன் ரத்தத்தில் சாகும்வரை குடியிருக்கும். அந்த ரத்தத்தில் துளியளவு பக்கத்துக் குதிரைக்குப் போனால் போதும். கொண்டுபோவது பெரிய கடி ஈ. ஒன்றைக் கடித்துக்கொண்டிருக்கும்போது வாலடி பட்டு எழும்பி, வாயில் ஈர ரத்தத்தோடு அடுத்ததன் மேல் உட்காரும். அது வெகுதூரம் போவதில்லை, பக்கத்தில் எது நிற்கிறதோ அதுதான். நோய்க்கு மருந்து கிடையாது. மனிதருக்குத் தொற்றாது. எயிட்ஸ் கிருமிக்கு இது உறவுக்காரன் என்பது பிற்காலத்தில்தான் தெரியவந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அரநாயக்கவில் மலை சரிந்ததே, அதற்கு முந்திய வருடம். யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பழைய துரை பங்களாவை விருந்தினர் விடுதியாக்கியிருந்தார்கள். ஆற்றில் படகு விட வரும் வெள்ளைக்காரர்கள் அங்கே தங்குவார்கள். அவர்கள் ஏறிப் படம் எடுப்பதற்காக ஒரு வெள்ளைக் குதிரை இருந்தது. அது தீனி எடுக்கவில்லை என்று விடுதி மேனேஜர் கூப்பிட்டார். போய் வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு கடுதாசி போல வெளுத்திருந்தது. வயிற்றடியில் வீக்கம், நல்ல காய்ச்சல். "இதுக்கு முந்தியும் இப்பிடி வந்து தானாச் சரியாப் போச்சு டாக்டர்" என்றார் மேனேஜர். எப்போதோ புரட்டிவிட்டுப் போன அந்தப் பக்கம் எனக்கு முன்னால் வந்து நின்றது.

சேருக்குப் போன் செய்தேன். உடனே ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். அந்த நோயைக் கண்டுபிடிக்கும் சோதனைக்கு வேண்டிய ஊனீரையும் கிருமிச் சாற்றையும் வெளிநாட்டில் யார் யாரிடமோ கேட்டு வாங்கி, சின்னப் புட்டிகளில் குளிர்ப்பெட்டியின் மூலையில் வைத்திருந்தார். வராத விருந்தாளிக்குச் சோறு ஆக்கி வைத்திருக்கிறார் என்று நாங்கள் அவரைக் கேலி செய்வோம். எங்கள் ஆய்வுகூடத்தில் அதுவரை யாரும் அந்தச் சோதனையைச் செய்து பார்த்ததில்லை.

இப்போது உங்களுக்கு இது பழகிய வேலை. ஜெல் தட்டில் பூப்போலக் குழிகள் வெட்டி, நடுக்குழியில் கிருமியின் சாறு விடுகிறீர்கள். சுற்றியுள்ள குழிகளில் ஒன்று விட்டு ஒன்று, நோய் உண்டு என்று உறுதியான குதிரையின் ஊனீர். இடையில் சந்தேகக் குதிரையின் ஊனீர். எல்லாம் ஜெல்லுக்குள் ஊர்ந்து வந்து சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு விழும். சந்தேகக் குதிரைக்கும் நோய் இருந்தால் அந்தக் கோடுகள் கோலத்து வளைவு போல ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். நாங்கள் காத்திருந்தபோதே வெள்ளைக் குதிரை செத்துப்போனது. இருட்டறையில் விளக்கைக் கீழே பிடித்துப் பார்த்தபோது கோடுகள் சேர்ந்திருந்தன.

சேர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான். "பக்கத்தில வேற குதிரை இருக்கா?"

இருந்தது. அதுதான் சிட்டு.

சிட்டு பழுப்பு நிறப் பெண் குதிரை. நுவரெலியாவில் பந்தயம் ஓடி, இனி ஓடாது என்று கழித்துவிட்டதை செல்வராஜ் கொண்டுவந்திருந்தார். செல்வராஜ் அதே தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். காலையில் ரப்பர் மரம், பிற்பகலில் சிட்டு. ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்ச் சின்னப் பிள்ளைகளை ஏற்றி நடத்துவார். வீட்டில் அவரும் மனைவியும்தான். லயத்து வரிசை வீட்டுக் காம்பராவுக்குப் பின்னால் சிட்டுக்கென்று கட்டிய கொட்டில், அவர்கள் இருந்த காம்பராவைவிட நன்றாக இருக்கும். சிட்டும் வெள்ளைக் குதிரையும் ஒரே புல்தரையில்தான் மேய்ந்தன.

ரத்தம் எடுக்கும் குழாய்களோடு போய் இறங்கினேன். சிட்டின் கழுத்தில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்பு தொங்கியது. முந்திய நாள்தான் முனியாண்டி கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். முனியாண்டிக்குக் குதிரைதானே வாகனம். சிட்டு வந்த வருடத்திலிருந்து ஊர்வலத்தில் சாமிக்கு முன்னால் நடப்பது அவள்தான். பூசாரிக்குக் கையில் காப்புக் கட்டினால் சிட்டுக்குக் கழுத்தில் கட்டுவார்கள். காப்புக் கட்டிய உடம்பு முடி வெட்டாது, சவரம் செய்யாது, நகம்கூட வெட்டாது. இரும்பு படக்கூடாது. ரத்தம் வரவே கூடாது.

"டாக்டரம்மா, அவளுக்கு லாடம்கூட இப்ப அடிக்க மாட்டோங்க" என்றார் பூசாரி. "ஊசி எப்பிடிங்க குத்துறது?"

"காப்பு எப்ப அவுப்பீங்க?"

"தீர்த்தம் முடிஞ்சு மறுநா காலையிலங்க."

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்டவர். காப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதுதான் எனக்குச் சங்கடம். தெரியாதவளாக இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன்.

செல்வராஜ் சிட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பங்களாக் குதிரை செத்தது அவருக்குத் தெரியும். "எடுத்துப் பாத்து, இருக்குன்னு வந்தா என்னங்க செய்வீங்க?" என்று கேட்டார். சட்டப்படி செய்ய வேண்டியதைச் சொன்னேன். ஊசி போட்டுக் கொல்வது, அல்லது உயிருள்ளவரை வேறு குதிரை அண்டாத இடத்தில் வலைக்குள் அடைத்து வைப்பது. மேலிடம் பெரும்பாலும் முதலாவதைத்தான் கேட்கும் என்பதையும் மறைக்கவில்லை. அவர் சிட்டின் பிடரி மயிரில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

சேர் போனில் கத்தினார். "பொலிசைக் கூட்டிக்கொண்டு போய் எடு! ஒரு குழாய் ரத்தம்தானே!" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஒரு நாள் இருப்பதும் தவறுதான். மேனேஜரும் ஒரு பக்கம் நெருக்கினார், விடுதிக்கு வேறு குதிரை கொண்டுவரும் யோசனை அவருக்கு. தோட்டத்து யூனியன் தலைவர் இன்னொரு பக்கம். காப்புக் கட்டியதைத் தொட்டால் நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு மலை ஏற மாட்டார்கள் என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். எல்லோரும் என்னிடம் கேட்டது, ரத்தம் இன்றைக்கா, பிறகா என்று. நானும் அதையே மண்டைக்குள் உருட்டிக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கடி ஈ வந்து சிட்டின் விலாவில் உட்கார்ந்தது. வால் வீசினாள், எழும்பிச் சுற்றி மறுபடி அவள் மேலேயே உட்கார்ந்தது. வேறு எங்கே போகும்? பக்கத்தில் வேறு குதிரை இல்லையே. அப்போதுதான் என் கேள்வி மாறியது. இந்த ஈ அடுத்ததாக எதைக் கடிக்கப்போகிறது என்பதுதான் அவசரம். மற்றதெல்லாம் காத்திருக்கலாம்.

"பூசாரி, திருவிழாவுக்கு வேற குதிரை எதுவும் வருதா?"

"வருதுங்களே. இந்த வருசம் கொஞ்சம் பெருசாச் செய்வோம்னு மாவனல்லையில சொல்லி வச்சிருக்கோம். கல்யாணத்துக்கு விடுற சோடிக் குதிரைங்க. சிட்டுக்கு ரெண்டு பக்கமும் நடக்கும்."

இதை நான் கேட்காமல், ரத்தத்துக்காக மட்டும் மல்லுக்கட்டிவிட்டுப் போயிருந்தால்? சிட்டுக்கு நோய் இருந்தால், ஊர்வலம் முழுக்க அவளோடு உரசிக்கொண்டு போகும் இரண்டு குதிரைகளுக்கும் ஈக்கள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கும். பிறகு அவை நாடு முழுக்கக் கல்யாணத்துக்குப் போகும்.

அந்தச் சோடிக் குதிரைகளுக்குச் சொந்தக்காரரான மாவனல்லை முஸ்லிம் நானாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "டொக்டர், என்ட குதிரைய நான் அனுப்ப மாட்டன். ஆனா கோயில்காரங்களுக்கு நான் வாக்குக் குடுத்திட்டன். நீங்களே சொல்லிருங்க, அவங்க மனசு நோகக் கூடாது" என்றார். அவரை நான் நேரில் பார்த்தது கூட இல்லை. அந்தப் பேச்சுக்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன்.

கோயில் கூட்டத்தில் நான் சொன்னேன். சோடிக் குதிரை வேண்டாம். விடுதிக்குப் புதுக் குதிரையும் இப்போது வேண்டாம். சிட்டு காப்போடு தனியாக நடக்கட்டும், நான் ஊசியைத் தொட மாட்டேன். காப்பு அவிழ்த்த கையோடு ரத்தம் எடுப்பேன், அதற்கு யாரும் குறுக்கே வரக்கூடாது. பூசாரி எழுந்து, "நானே புடிச்சு நிக்கிறேங்க" என்றார். கூட்டத்திலிருந்து ஓர் அம்மா, "மனுசங்களுக்கு ஒட்டுமாங்க?" என்று கேட்டார். "ஒட்டாது" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எயிட்ஸ் கிருமியின் உறவுக்காரன் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த அம்மா கேட்டது அதையல்ல. அந்த வார்த்தை அன்று என் வாயிலிருந்து விழுந்திருந்தால் செல்வராஜ் வீட்டில் யாரும் தண்ணீர் குடித்திருக்க மாட்டார்கள். படிப்பு தந்த உண்மையெல்லாவற்றையும் கேட்டவர் தலையில் கொட்டிவிட்டு வராதீர்கள்.

சேரிடம் நான் எடுத்த முடிவைச் சொன்னேன். "சிட்டுக்குப் பக்கத்தில குதிரை நிக்காட்டி நோய்க்குப் போக இடமில்ல சேர்" என்றேன். "சரி, உன் பொறுப்பு" என்று வைத்துவிட்டார்.

ஊர்வலத்துக்குப் போனேன். மற்றவர்கள் சாமி பார்க்கப் போனார்கள், நான் ஈ பார்க்கப் போனேன். பிற்பகல் மழை விட்டு வெயில் அடித்தது. தப்பும் உருமியும் முழங்க, கழுத்தில் வேப்பிலை மாலையோடு சிட்டு நடந்து வந்தாள். பந்தயக் குதிரை அல்லவா, நடையே தனி. அத்தனை சத்தத்திலும் காது மட்டும்தான் ஆடியது. லயம் லயமாக வாசலில் நிறுத்தி, பெண்கள் குடத்துத் தண்ணீரை அவள் காலில் ஊற்றி, நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். செல்வராஜ் கடிவாளத்தைப் பிடித்தபடி யாரையும் பார்க்காமல் நடந்தார். இதுதான் கடைசி நடையோ என்று அவருக்கும் எனக்கும் மட்டும்தான் பயம்.

அவள் என்னைத் தாண்டிப் போகும்போது மேனியில் வெயில் வழுக்கி ஓடியது. எங்கேயும் ஒரு குறையில்லை. இந்த உடம்புக்குள் அது இருக்குமா? இருந்தால், எவ்வளவு அமைதியாக இருக்கிறது! கூட்டம் மொத்தமும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அவள் சுமந்து வருகிறாள் என்று நம்பிக் கைகூப்பி நின்றது. நானும் கண்ணுக்குத் தெரியாத வேறொன்றை அவள் சுமக்கிறாளோ என்று நடுங்கி நின்றேன். பீங்கான் வடிகட்டியைப் பற்றிப் பேசும்போது சேரின் குரல் ஏன் இறங்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எனக்கே தெரியாமல் நானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

தீர்த்தம் முடிந்த மறுநாள் காலை ஓடைக்கரையில் பூசாரி முதலில் தன் காப்பை அவிழ்த்தார், பிறகு சிட்டின் காப்பை. இரண்டையும் தண்ணீரில் விட்டுவிட்டு, "இப்ப எடுங்கம்மா" என்றார். சொன்னபடி அவரே பிடித்தார். செல்வராஜ் அவள் காதோரம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். ஊசி இறங்கியபோது சிட்டு அசையவில்லை, அவர்தான் கண்ணை மூடிக்கொண்டார்.

இருட்டறையில் சேரும் நானும் தட்டின் மேல் குனிந்தோம். சிட்டின் குழிக்கு இரு பக்கமும் இருந்த கோடுகள் வளைந்து வந்து அவள் கோட்டோடு சேர்ந்திருந்தன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அத்தனை துல்லியமான கோட்டை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை. அழகாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. உடனே செல்வராஜ் முகம் ஞாபகம் வந்து அழுகை வந்துவிட்டது.

தோட்டத்துக்குப் போய்ச் சொன்னபோது செல்வராஜ் கோபப்படவில்லை. "நீங்க பொய் சொல்ல மாட்டீங்க டாக்டரம்மா. ஆனா இவளப் பாருங்க. எங்க இருக்கு நோவு? காட்டுங்க பாப்போம்" என்றார்.

என்னால் அங்கே காட்ட முடியவில்லை. அதனால் அவரை ஜீப்பில் ஏற்றி ஆய்வுகூடத்துக்குக் கூட்டி வந்தேன். வழக்கமில்லாத காரியம். சேர் ஒன்றும் சொல்லாமல் இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டார். பால்வெட்டுக் கறை போகாத விரல்களைப் பின்னால் கட்டிக்கொண்டு செல்வராஜ் தட்டை வெகுநேரம் பார்த்தார்.

"இதாங்களா அந்தக் கிருமி?"

"இல்லை. அது கண்ணுக்குத் தெரியாது. அதை எதிர்த்துச் சிட்டு உடம்பு சண்டை போடுது பாருங்க, அதோட அடையாளம் இது."

"அப்ப இந்தக் கோடு சிட்டு போட்டதா?"

"ஆமா."

"தோத்துட்டாளா?"

"தோக்கல்ல. ஜெயிக்கவும் இல்ல. அதுவும் இவளும் ஒரே வீட்டில இருக்குறாங்க. கடைசிவரைக்கும் அப்படித்தான்."

அவர் யோசித்தார். "அந்த வெள்ளக் குதிரைக்கு இவதான் குடுத்தாளாங்க?"

"தெரியாது, செல்வராஜ். அதுகிட்ட இருந்து இவளுக்கும் வந்திருக்கலாம். அதைச் சொல்ல எங்ககிட்ட வழி இல்ல." தெரியாததைத் தெரியாது என்று சொன்னதில் அவருக்கு ஏதோ ஆறுதல் கிடைத்தது போலிருந்தது, எனக்கு ஏன் என்று இன்றும் விளங்கவில்லை.

என்ன பேசினோம் என்று சேர் என்னிடம் சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குளிர்ப்பெட்டியைத் திறந்து, வெளிநாட்டிலிருந்து வந்த அந்த உறுதியான ஊனீர்ப் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் கொஞ்சம் ஈரம்தான் மிச்சம். அது இல்லாமல் எந்தக் குதிரையையும் இனிச் சோதிக்க முடியாது. புதிதாகக் கேட்டால் எப்போது வருமோ, வருமோ வராதோ.

"இவளைக் கொன்னா நமக்கு ஒரு குதிரை குறையும்" என்றார். "வெச்சிருந்தா, இவ ஊனீரைக் கொண்டு இந்த நாட்டுக் குதிரைகள் அத்தனையையும் சோதிக்க நம்ம கையில சொந்தக் கோடு இருக்கும்."

பொலிசைக் கூட்டிப் போ என்று கத்திய அதே மனிதர் மேலிடத்தோடு மல்லுக்கு நின்றார். இடம் பார்க்கும் வேலையை என்னிடம் விட்டார். வேறு குதிரை அண்டாத, ஈ நுழையாத இடம் ரப்பர் தோட்டத்தில் எங்கே என்று யோசித்தபோது எனக்கு என் அப்பாவின் சட்டை வாசம் வந்தது. மரம் முற்றிப் பால் வெட்டு நின்றுபோன மேற்பிரிவில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கும் பழைய புகைக்கூடு ஒன்று சும்மா கிடந்தது. கற்சுவர், சின்ன ஜன்னல்கள், எத்தனை வருடமானாலும் போகாத புகை வாடை. அந்தச் சுவரில் ஈ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்து மேலாளரான துரை சம்மதித்தார். ஜன்னலுக்கெல்லாம் கம்பிவலை அடித்தோம். ஆற்றங்கரை வேலை நின்றுபோயிற்று. ஆனால் செல்வராஜ் தினமும் மேலே ஏறிப்போய், மாலையில் கொஞ்சமாகப் புகை போட்டு, சிட்டை அந்த வாசலில் நடத்துவார். தோட்டத்துப் பிள்ளைகள் மலையேறி வந்து அவள் மேல் ஏறுவார்கள். செல்வராஜுக்குச் சிட்டு இருந்தாள். ஒன்றே ஒன்றுதான் அவரைத் தின்றது. "இனிமே சாமிக்கு முன்னால நடக்க மாட்டாளேங்க" என்பார்.

ஏனென்றால் கோயில் கீழே, மெயின் ரோட்டோரம். எந்த நேரம் எந்தக் குதிரை வரும் என்று சொல்ல முடியாது. சிட்டு புகைக்கூட்டு எல்லையைத் தாண்டக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவளே நான்தான்.

அடுத்த வருடத் திருவிழாவுக்கு என்னையும் அழைத்தார்கள். கோயிலில் நின்றேன். தப்பு முழங்கியது, சாமி புறப்பட்டது. வழக்கமாக லயத்துப் பக்கம் இறங்கித் திரும்ப வேண்டிய ஊர்வலம் இடதுபக்கம் திரும்பி மலைப்பாதையில் ஏறத் தொடங்கியது. எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் வந்த பூசாரியைக் கேட்டேன்.

"குதிரை எறங்கக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கீங்க டாக்டரம்மா?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "சாமி ஏறக்கூடாதுன்னு எழுதலியே."

அந்தச் செங்குத்து மேட்டில் ஆண்களும் பெண்களுமாகச் சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். புகைக்கூட்டு வாசலில் செல்வராஜ் சிட்டைக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார், அவருக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை, தப்புச் சத்தம் கிட்டே வர வர அவர் வாய் திறந்தபடியே நின்றார். சாமியை அவள் முன்னால் இறக்கினார்கள். அந்தச் சின்ன வாசலைச் சுற்றிச் சிட்டு முன்னால் நடக்க, சாமி பின்னால் வந்தது. என் வேலைக்காலத்தில் அதுபோல் இன்னொன்று பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதுவே வழக்கமானது. காப்பு அவிழ்த்த மறுநிமிடம் நான் ரத்தம் எடுப்பேன், பூசாரி பிடிப்பார். திருவிழாவின் கடைசிச் சடங்கு அதுதான் என்று சின்னப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ரத்தத்தின் ஊனீரை ஆய்வுகூடத்தில் உறைய வைத்துச் சேர்த்தோம். சிட்டுக்கு ஒரு நாளும் காய்ச்சல் வரவில்லை. வயதாகி, ஒரு மழைக்காலத்தில், செல்வராஜ் மடியில் தலை வைத்துச் செத்தாள். மேற்பிரிவிலேயே, புகைக்கூட்டுப் பக்கத்தில் அவளைப் புதைத்தார்கள். அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன், சேர் காலமாகிவிட்டிருந்தார்.

போன மாதம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், ஒரு பந்தயக் குதிரையின் தட்டை எனக்குக் காட்டினார். குதிரைக்கு நோயில்லை, அதன் குழிக்கு முன்னால் வெறும் ஜெல்தான். ஆனால் பக்கத்துக் குழிக்கு முன்னால் அந்தக் கோடு விழுந்திருந்தது, மயிரிழை போல, ஒரு பிசிறில்லாமல். அது சிட்டின் கோடு என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "இந்தப் பாசிட்டிவ் சீரம் எந்த நாட்டுல இருந்து வருது மேடம்? ரொம்ப நல்லா வேலை செய்யுது" என்று அவர் கேட்டார். அன்றைக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இத்தனையும் சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் செல்வராஜுக்குப் போன் செய்தேன். ஒரு பந்தயக் குதிரையைச் சோதிக்கச் சிட்டு இன்னும் கோடு போடுகிறாள் என்றேன். அவர் மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்தக் குதிரை தப்பிச்சிருச்சுங்களா?"

"தப்பிச்சிருச்சு" என்றேன்.

"அவகிட்ட சொல்லிட்டு வர்றேங்க" என்று போனை வைத்துவிட்டு, மேற்பிரிவுக்கு ஏறிப் போயிருக்கிறார்.